அட்டையில் முகம், ஒலியில் வேறு கை

1998 செப்டம்பரில் ஹோல் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு தன் மூன்றாவது ஆல்பத்தை வெளியிட்டது. பெயர் ‘செலிப்ரிட்டி ஸ்கின்’. அட்டையில் குழுவினர் நால்வர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் பேட்டி ஷெமெல், குழுவின் டிரம்மர். ஆல்பத்தைப் போட்டால் டிரம்ஸ் பலமாகவும் பிசிறில்லாமலும் ஒலிக்கிறது. வாசித்திருப்பவர் ஷெமெல் அல்லர். டீன் காஸ்ட்ரோனோவோ என்ற, இந்த வேலைக்கென்று கூலிக்கு அமர்த்தப்பட்ட ஸ்டுடியோ டிரம்மர். ஆண். ஆல்பத்தின் தலைப்புப் பாடலுக்கு எடுத்த வீடியோவில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் இவ்விருவரும் இல்லை. ஷெமெலின் இடத்துக்கு வந்த சமந்தா மெலோனி, இன்னொரு பெண்.

இதை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். அட்டையில் ஒரு பெண்ணின் முகம். வீடியோவில் வேறொரு பெண்ணின் உடல். காதில் விழுவது ஓர் ஆணின் கை. டிரம்ஸுக்குப் பின்னால் பெண் இருக்க வேண்டும் என்பதில் இசைத்தொழிலுக்கு எந்த மறுப்பும் இல்லை. அது விற்கும். அவள் அடிப்பது கேட்க வேண்டும் என்பதில்தான் மறுப்பு.

இந்த ஆல்பத்தை ‘பெண்கள் ராக் இசையை வென்ற காலத்தின்’ சின்னமாக எழுதும் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, கிராமி பரிந்துரைகள் பெற்றது, எல்லாம் சரி. டிரம்ஸ் யார் வாசித்தது என்ற கேள்வி பெரும்பாலான அக்கட்டுரைகளில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. வந்தாலும் தயாரிப்பில் நேர்ந்த சிறு சங்கடம் என்ற அளவில் அடைப்புக்குறிக்குள் முடிந்துபோகிறது. அந்த அடைப்புக்குறியை உடைப்பதுதான் என் நோக்கம்.

டிரம்ஸ் என்றால் என்ன வேலை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சத்தம். கிட்டே போனால் உடலின் நான்கு உறுப்புகளும் நான்கு வேலை செய்யும் உழைப்பு. வலது கால் மிதியை அழுத்தி பேஸ் டிரம்மை அடிக்கிறது. இடது கால் ஹை-ஹேட் என்ற இரட்டைத் தட்டை மூடித் திறக்கிறது. ஒரு கை ஸ்நேரில், மறு கை சிம்பலில். கால்களை அகட்டி உட்கார வேண்டும். வியர்க்கும். முகம் கோணும். கை கொப்புளிக்கும். பெண்ணுக்கு அடக்க ஒடுக்கம் என்று எந்தச் சமூகம் எதை வகுத்து வைத்திருந்தாலும் அத்தனையையும் இந்தச் சிறு வட்ட இருக்கை மீறச் சொல்கிறது. பியானோவும் வயலினும் நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அழகு என்று சொன்ன ஐரோப்பிய, அமெரிக்க வீடுகள் டிரம்ஸை அப்படிச் சொன்னதில்லை.

அதேவேளை டிரம்மர் மேடையில் எல்லோருக்கும் பின்னால் இருப்பவர். நம் மொழியிலும் தாளம் போடுவது என்றால் ஒத்து ஊதுவது, ஜால்ரா தட்டுவது என்றே பொருள் விழுந்துவிட்டது. தாளம் போடுகிறவருக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. உண்மையில் பாட்டு எப்போது மூச்சு விட வேண்டும், எப்போது வெடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர்தான். ஆக, டிரம்மராக இருக்கும் பெண்ணை இரண்டு வகையில் இல்லாமல் ஆக்கலாம். வேலை கடினமானது, உனக்கு வராது என்று ஒரு வகை. வேலை சிறியது, யார் செய்தால் என்ன என்று இன்னொரு வகை. ஷெமெலுக்கு இரண்டும் நேர்ந்தன.

1967இல் பிறந்த ஷெமெல் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஸ்வில் என்ற சிறு ஊரில் வளர்ந்தார். பதினொரு வயதில் டிரம்ஸ் குச்சியைப் பிடித்தார். தம்பி லாரி கிட்டார் வாசிப்பவர். இருவரும் சேர்ந்து கில் சிபில் என்ற குழுவில் இருந்தார்கள். சியாட்டில் நகரத்தைச் சுற்றி ஒரு புது ராக் இசை உருவாகி, உலகம் அதற்கு கிரஞ்ச் என்று பெயர் சூட்டிக்கொண்டிருந்த காலம். 1992இல் கோர்ட்னி லவ் நடத்திய ஹோல் குழுவில் ஷெமெல் சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்னால் டிரம்ஸ் வாசித்தவரும் ஒரு பெண்தான், கரோலைன் ரூ.

1993 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒலிப்பதிவு செய்து 1994 ஏப்ரல் 12இல் வெளிவந்த ‘லிவ் த்ரூ திஸ்’ ஷெமெல் முழுதாக வாசித்த ஆல்பம். அவரைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் பாட்டு ‘வயலட்’. கிட்டார் மெல்லத் தொடங்கிக் குரலும் அடங்கி வரும் பகுதிகளில் டிரம்ஸ் எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள். பல்லவி வரும்போது அதே கை கதவை உடைக்கிறது. அடங்கியும் பொங்கியும் போகும் இந்த அமைப்பு அந்தக் காலத்து ராக் பாடல்கள் பலவற்றுக்கும் பொது. ஆனால் அடங்கும் இடத்தில் உள்ளே அடக்கிவைத்த கோபம் கேட்க வேண்டும்; அது எல்லா டிரம்மர்களுக்கும் வாய்ப்பதில்லை. லவ்வின் அலறலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அந்த அலறல் கால் ஊன்றி நிற்கும் தரை எது என்று பார்க்கவில்லை. ஆல்பம் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக ஸ்பின் இதழாலும் வில்லேஜ் வாய்ஸ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பிலும் தேர்வானது.

ஆல்பம் வெளிவந்த வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லவ்வின் கணவரும் நிர்வாணா குழுவின் பாடகருமான கர்ட் கோபெய்ன் இறந்து கிடந்தது ஏப்ரல் 8இல் தெரியவந்தது. அவர் ஷெமெலுக்கும் நண்பர். ஜூன் மாதம் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிறிஸ்டன் பாஃப் ஹெராயினால் இறந்தார். இரண்டு சாவுகளுக்குப் பின் அந்தக் கோடையிலேயே குழு மேடைகளுக்குத் திரும்பியது. கூட்டம் பாடகியைப் பார்க்க வந்தது; விதவை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வந்தது என்றே சொல்லலாம். ஒவ்வொரு இரவும் பின்னால் உட்கார்ந்து அந்தக் கச்சேரியைச் சிதறாமல் பிடித்து நிறுத்தியவர் ஷெமெல். அதே ஆண்டுகளில் தான் ஒரு லெஸ்பியன் என்று பத்திரிகையில் வெளிப்படையாகவும் சொன்னார். 1990களின் நடுவில், இவ்வளவு பெரிய ஒரு ராக் குழுவில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

‘லிவ் த்ரூ திஸ்’ பாடல்களை உண்மையில் எழுதியது கோபெய்ன்தான் என்று ஒரு வதந்தி அப்போதே கிளம்பியது, இன்றும் சாகவில்லை. பெண் எழுதியது நன்றாக இருந்தால் கணவன் எழுதிக் கொடுத்திருப்பான். தமிழ் இலக்கியம் படித்த எனக்கு இந்த வதந்தி புதிதாகத் தோன்றவில்லை. கவிதை எழுதும் எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், ‘யார் திருத்திக் கொடுத்தது’ என்ற கேள்வி அவளுக்கு வந்திருக்கும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், 1994இல் வதந்தியாக இருந்தது 1998இல் டிரம்ஸ் விஷயத்தில் மெய்யாகவே நிகழ்த்தப்பட்டது. ஆணின் கை உள்ளே இருக்கிறது என்று ஊர் பேசியது; தொழில் அதையே ஏற்பாடு செய்து வைத்தது.

மூன்றாவது ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் மைக்கேல் பைன்ஹார்ன். ராக் ஆல்பங்களில் தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுகிறவர் இல்லை. ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர், ஏறக்குறைய சினிமாவில் இயக்குநர் மாதிரி. வழக்கமாக முதலில் டிரம்ஸைத்தான் பதிவு செய்வார்கள். கிட்டார், பேஸ், குரல் எல்லாம் அதன்மேல் அடுக்கப்படும். வீட்டுக்கு அஸ்திவாரம் போல. காதில் ஒரு கருவி ‘டிக் டிக்’ என்று மாறாத வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கிளிக் டிராக் என்று பெயர். அதிலிருந்து இம்மி பிசகாமல் வாசிக்க வேண்டும். ஒரே பாட்டை நாள் முழுக்க, நாள் கணக்கில், மீண்டும் மீண்டும் தன்னை வாசிக்க வைத்ததாக ஷெமெல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைசியில் உன் வாசிப்பு போதவில்லை, வேறொருவரை வைத்துப் பதிவு செய்கிறோம் என்ற முடிவு. லவ்வும் கிட்டார் கலைஞர் எரிக் எர்லாண்ட்சனும் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகள் உடன் இருந்த குழுவிலிருந்து ஷெமெல் வெளியேறினார்.

காஸ்ட்ரோனோவோ தேர்ந்த டிரம்மர். அதில் சந்தேகம் வேண்டாம். அதே 1998இல் ஜர்னி என்ற பெரிய குழுவில் சேர்ந்தவர். கொடுத்த வேலையைச் செய்தார். என் வழக்கு அவர்மீது இல்லை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்: இது ஆண்களுக்கும் நடப்பதுதானே? நடக்கிறது. 1962இல் பீட்டில்ஸின் முதல் பாட்டுக்கு ரிங்கோ ஸ்டார் இருக்க, ஆண்டி ஒயிட் என்பவரை வைத்து இன்னொருமுறை பதிவு செய்தார்கள். 1960களின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹால் பிளெய்ன் போன்ற ஸ்டுடியோ கலைஞர்கள் எத்தனையோ பிரபலக் குழுக்களின் பெயரில் வாசித்தார்கள். ‘செலிப்ரிட்டி ஸ்கின்’னுக்கு ஓராண்டு முன்னால் ஃபூ ஃபைட்டர்ஸ் ஆல்பத்தில் வில்லியம் கோல்ட்ஸ்மித் வாசித்த டிரம்ஸை நீக்கிவிட்டுப் பெரும்பகுதியை டேவ் குரோல் தானே வாசித்துப் போட்டார், கோல்ட்ஸ்மித் மனம் நொந்து வெளியேறினார். அதுவும் அநியாயம்தான். ஆனால் கோல்ட்ஸ்மித் நீக்கப்பட்டதைக் கண்டு ஆண்களுக்கு டிரம்ஸ் வராது என்று யாராவது முடிவு கட்டினார்களா? ரிங்கோவுக்குப் பதில் ஆண்டி ஒயிட் வாசித்தபோது ஆண் இனத்தின் மணிக்கட்டு வலிமை விவாதத்துக்கு வந்ததா? ஓர் ஆண் தோற்றால் அவன் தோற்றான். ஒரு பெண் தோற்றால், அல்லது தோற்கடிக்கப்பட்டால், அவளோடு சேர்த்து மற்றவர்களும் தோற்றதாகக் கணக்கு.

அந்தக் கணக்கின் இலக்கணம் எளியது. ‘பெண்ணாக இருந்தும் நன்றாக வாசிக்கிறார்’ என்பார்கள். அந்த ‘உம்’மைப் பாருங்கள். இழிவு சிறப்பும்மை என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பாராட்டு போல வருகிறது, உள்ளே ஒரு தீர்ப்பு இருக்கிறது. ‘ஆம்பளை மாதிரி அடிக்கிறா’ என்பது அதன் அடுத்த படி. நன்றாக அடித்தால் அது ஆணின் அடி. சரியாக அடிக்காவிட்டால் மட்டும் அது அவளுடையது.

இன்னொரு மறுப்பும் உண்டு. ஷெமெல் போதைக்கு அடிமையாக இருந்தவர், நம்பகமில்லாதவர் என்பது. அவர் ஹெராயின் பயன்படுத்தியது உண்மை. தன் நினைவுநூலில் எதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் ராக் இசையின் வரலாற்றைப் புரட்டியவர்கள் இந்த வாதத்தைச் சிரிக்காமல் சொல்ல முடியாது. லெட் செப்பலினின் ஜான் பான்ஹாமுக்கும் தி ஹூவின் கீத் மூனுக்கும் குடியும் போதையும் புராணமாகிவிட்டன; இருவருமே அதனால்தான் செத்தார்கள், என்றாலும் சொல்லும்போது வாயெல்லாம் பெருமை. 2001இல் ஃபூ ஃபைட்டர்ஸின் டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸ் லண்டனில் மிகைப் போதையால் நினைவிழந்து கிடந்தபோது குழு வேலையை நிறுத்திவிட்டு அவருக்காகக் காத்திருந்தது. அப்படித்தான் செய்ய வேண்டும். அந்தக் காத்திருப்பு ஷெமெலுக்குக் கிடைக்கவில்லை. வேலையிழந்த பின் அவர் விழுந்த பள்ளம் முன்னைவிடப் பெரிது. லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் வீடில்லாமல் வாழ்ந்தார். பத்து லட்சம் வீடுகளில் அட்டையில் முகம் இருந்த பெண், அதே நகரத்தில் படுக்க இடமில்லாமல் அலைந்தார்.

ஆல்டர்னேட்டிவ் ராக் என்ற இந்த இசைவகையின் வாக்குறுதியையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். பாப் இசைத்தொழிலின் மெருகுக்கு எதிராக, ஸ்டுடியோக் கூலிக் கலைஞர்களின் பிசிறில்லாத வாசிப்புக்கு எதிராகப் பிறந்தது அது. தெரிந்ததை வாசி, உன் கையால் வாசி, பிசகினால் பிசகட்டும். அந்த மரபின் முதல் தாய்களில் ஒருவரே ஒரு பெண் டிரம்மர்தான். 1965 இறுதியில் நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்டில் சேர்ந்த மோரீன் டக்கர், மோ டக்கர். பேஸ் டிரம்மைப் படுக்கப் போட்டு, நின்றுகொண்டு, துணி சுற்றிய தலையுள்ள குச்சிகளால் அடித்தார். சிம்பலை மிக அரிதாகவே தொட்டார். அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தில் ஒலிக்கும் சடங்கு போன்ற துடிப்பு அவருடையது. பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் அதைப் பின்பற்றின.

அவருக்கு என்ன நடந்தது? 1970இல் ‘லோடட்’ என்ற ஆல்பத்தை எடுக்கும்போது டக்கர் கர்ப்பமாக இருந்தார். பிள்ளை பெற்று வரும்வரை காத்திருக்கவில்லை. டக் யூல், அவர் தம்பி பில்லி யூல், வேறு சிலர் என்று மாறி மாறி டிரம்ஸ் வாசித்து ஆல்பத்தை முடித்தார்கள். வெளியிடும்போது டிரம்மர் என்று டக்கரின் பெயரைப் போட்டார்கள். இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் அமெரிக்க ராக் இசையின் இரண்டு பெண் டிரம்மர்களுக்கு ஒரே அச்சில் வார்த்த இரண்டு நிகழ்வுகள். ஒருவருக்குப் பெயர் இருக்கிறது ஒலி இல்லை. மற்றவருக்கு முகம் இருக்கிறது ஒலி இல்லை. குழுவை விட்ட பின் டக்கர் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார், வால்மார்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1981இல் எல்லாக் கருவிகளையும் தானே வாசித்து ஓர் ஆல்பம் பதிவு செய்தார். எல்லாக் கருவிகளையும் தானே என்பதை நான் கொஞ்சம் குறும்பாகவே ரசிக்கிறேன். (வயதான காலத்தில் அவர் வலதுசாரி டீ பார்ட்டி பேரணிக்குப் போனது தனிக் கதை. அவர் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் தாளத்துக்கு நான் அதைக் காரணம் காட்டிக் கழித்துக்கொள்ளப் போவதில்லை.)

எளிமையாக வாசித்தால் தப்பு என்பது பெண்ணுக்கு மட்டுமான சட்டம். தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் மெக் ஒயிட் அதற்குச் சாட்சி. கிட்டார் ஒன்று, டிரம்ஸ் ஒன்று, இரண்டே பேர். 2003இல் வந்த ‘செவன் நேஷன் ஆர்மி’ பாட்டு இன்று உலகக் கால்பந்து மைதானங்களில் கூட்டம் பாடும் கோஷமாகிவிட்டது. அதன் அடியில் ஓடும் நேரான, கனமான அடி மெக்குடையது. அந்த அடியைக் குழந்தை அடிப்பது போல என்று கேலி செய்து எழுதினார்கள். ஏசி/டிசி குழுவின் ஃபில் ரட் இதே மாதிரி நேராக, அலங்காரமில்லாமல் அடித்தால் அதற்குக் கட்டுப்பாடு, முதிர்ச்சி என்று பெயர். மெக் ஒயிட்டின் மனப்பதற்றம் காரணமாகக் குழு 2007இல் சுற்றுப்பயணத்தை நிறுத்தியது, 2011இல் கலைந்தது. அவர் பொதுவெளியை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும், 2023இல் ஒரு பத்திரிகையாளர் சமூக ஊடகத்தில் அவர் வாசிப்பை மட்டம் தட்ட, பழைய சண்டை மறுபடி மூண்டது. பதில் சொல்லக்கூட அவர் அங்கே இல்லை.

இதையெல்லாம் ஆண் தயாரிப்பாளர்கள், ஆண் விமர்சகர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் எழுந்து போகலாம். எனக்கு அது போதவில்லை. ஷெமெலை வெளியேற்றும் முடிவுக்கு ஒப்புக்கொண்டவர்களில் கோர்ட்னி லவ் ஒருவர். பெண்ணின் கோபத்தை ராக் இசையின் நடுவே கொண்டுவந்து வைத்தவர் என்று நாம் கொண்டாடும் அதே லவ். பெண்ணியக் குழு என்றே பெயர் பெற்ற ஸ்லீட்டர்-கின்னியில் என்ன நடந்தது? 1996 முதல் டிரம்ஸ் வாசித்த ஜேனட் வைஸ், தம் தலைமுறையின் மிகச் சிறந்த டிரம்மர்களில் ஒருவர். 2019 ஜூலையில், புதிய ஆல்பம் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்னால், குழுவை விட்டுப் போனார். படைப்பில் தான் இனிச் சமப் பங்காளி இல்லை, வெறும் டிரம்மர் மட்டுமே என்று தெரிந்த பின் போனதாகப் பிறகு ஒரு நேர்காணலில் சொன்னார். அவர் இருக்க வேண்டும் என்றுதான் விரும்பினோம் என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளரும் பெண்தான். ஆணே இல்லாத ஓர் அறையிலும் ‘வெறும் டிரம்மர்’ என்ற நாற்காலி காத்திருக்கிறது. பாடுகிறவள், எழுதுகிறவள், முன்னால் நிற்கிறவள் படைப்பாளி. தாளம் கொடுப்பவள் உதவியாள். இந்தப் படிநிலையை நாம் ஆண்களிடமிருந்து கடன் வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

நாம் நடத்தும் கூட்டங்களில், இதழ்களில், தொகுப்புகளில் மேடையில் பேசுபவளின் பெயர் இருக்கிறது. மெய்ப்புத் திருத்தியவள், அட்டை வடிவமைத்தவள், வாடகைக்கு நாற்காலி பிடித்தவள், வரவு செலவு எழுதியவள் எங்கே இருக்கிறாள்? இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஷெமெலின் கதைக்குத் திரும்புகிறேன். ‘செலிப்ரிட்டி ஸ்கின்’னோடு அவர் வாழ்க்கை முடிந்துவிட்டது போல எழுதுவதும் அவரைத் துடைத்தெறியும் இன்னொரு வழி. விழுந்த பெண்ணின் கதையை விரும்பிப் படிப்பவர்கள், எழுந்து வேலைக்குப் போன பெண்ணின் கதை வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். 2000களின் நடுவில் அவர் போதையிலிருந்து மீண்டார். நாய்களைப் பார்த்துக்கொள்ளும் தொழில் செய்து சம்பாதித்தார். சிறுமிகளுக்கான ராக் இசை முகாமில் டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தார். ஹோல் சுற்றுப்பயணங்களில் தான் எடுத்த பழைய வீடியோ நாடாக்களைச் சேமித்து வைத்திருந்தார். அவற்றைப் பாதுகாக்கப் போன இடத்தில் ஓர் ஆவணப்படம் உருவானது. ‘ஹிட் ஸோ ஹார்ட்’, 2011. கோ-கோஸ் குழுவின் ஜீனா ஷாக் போன்ற பெண் டிரம்மர்கள் அதில் பேசுகிறார்கள். அவர்களில் கேட் ஷெல்லன்பாக் பீஸ்டி பாய்ஸ் குழுவின் முதல் டிரம்மர். 1984இல் அக்குழு ராப் பக்கம் திரும்பியபோது ஓரங்கட்டப்பட்டு, பின்னர் லூசியஸ் ஜாக்சன் குழுவில் வாசித்தவர். அந்த நாடாக்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. எல்லாக் கேமராவும் பாடகியை நோக்கித் திரும்பியிருந்த ஆண்டுகளில், பின்னால் இருந்த ஒருத்தி தன் கையில் கேமரா வைத்திருந்தாள்.

படத்தில் லவ்வும் எர்லாண்ட்சனும் வருகிறார்கள், அன்று செய்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். வருத்தமும் இருக்கிறது. 2012 ஏப்ரலில் படம் நியூயார்க்கில் திரையிடப்பட்ட இரவு, புரூக்ளினில் பழைய நால்வரும் ஒன்றாக மேடையேறி இரண்டு பாடல்கள் வாசித்தார்கள். பத்திரிகைகள் இதைச் சமரசம் என்று நெகிழ்ந்து எழுதின. நெகிழ வேண்டியவர்கள் நெகிழட்டும். அந்த இரண்டு பாடல்களால் 1998இன் ஒலிநாடாவில் எதுவும் மாறவில்லை.

2013இல் அப்செட் என்ற குழுவில் ஷெமெல் வாசித்த ‘ஷீ இஸ் கான்’ வெளிவந்தது. தம்பி லாரியோடு டெத் வேலி கேர்ல்ஸ் குழுவைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். 2017இல், ஆவணப்படத்தின் பெயரிலேயே, தன் நினைவுநூலை வெளியிட்டார். பத்து லட்சம் விற்காத, விருதுப் பட்டியலுக்குப் போகாத ஆல்பங்கள் இவை. பெண்ணிய இசை வரலாறு எழுதும் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ‘செலிப்ரிட்டி ஸ்கின்’னைப் பற்றி எழுதும்போது டிரம்ஸ் வாசித்தவர் பெயரை, அவர் ஆண் என்பதை, ஏன் அவர் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள். அப்புறம் ‘லிவ் த்ரூ திஸ்’ஸையும் ‘ஷீ இஸ் கான்’னையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். இருபது வருடம் இடைவெளி, நடுவில் ஒரு தெரு. கை ஒன்றுதான்.